வெட்டின இடம் வெள்ளை

இது சாமிக் கட்டையெல்லாம் இல்ல கண்ணு. சும்மா ஒரு பலகைத் துண்டு. உள்ளங்கை அகலம் இருக்குமா, அவ்வளவுதான். இதையப் போயி இந்த ஏர்போர்ட்டு செக்கிங்ல நின்னவன் வெளிச்சத்துல காட்டிக் காட்டிப் பாத்தானே, புடுங்கி வெச்சுக்குவானோன்னு நெனச்சேன். நீ மட்டும் பொறத்தால நின்னுட்டு "ஒண்ணும் பண்ண மாட்டாங்க, பயப்படாதீங்கம்மா"ன்னு தமிழ்ல சொல்லலீன்னா நான் அந்த எடத்துலயே உக்காந்திருப்பேன். நல்லா இருப்பே சாமி.

வா, இப்படி மூலையா உக்காந்துக்குவோம். எல்லாரும் நடக்கற பக்கம் வேண்டாம். எனக்கு வர்றவன் போறவன் எல்லாம் என்னையவே பாக்கற மாதிரி இருக்குது. அங்க தொப்பி போட்டுட்டு நிக்கறான் பாரு, அவன் காவலுக்கு நிக்கறவனா? நம்ம கூடப் பறக்கறவனா? சரி. சரி. நீலச் சட்டையக் கண்டாலே இப்பெல்லாம் எனக்கு ஆகறதில்ல.

நீயும் கோயமுத்தூருக்குத்தானா? படிக்கறியா? நல்லது. நான் ஈரோட்டுப் பக்கம், சித்தோடு. துளசிமணின்னு பேரு. வூட்டுல தறி ஓடுது, பையன் பாத்துக்கறான். பொண்ணு தாரணி இந்த ஹூஸ்டன்ல இருக்கறா, பேரனைப் பாத்துக்க வந்தேன். தீவாளி முடிஞ்சுதான் திரும்பறதாப் பேச்சு. இப்பப் பொசுக்குனு முன்னாடியே ஊருக்குத் தாட்டி உடறா. ஏன்னு நீ கேக்காட்டியும் நான் சொல்லத்தான் போறேன். ஆருகிட்டயாவது சொல்லலீன்னா நெஞ்சு வெடிச்சுரும். ஆனா ஒண்ணு. நான் ஒண்ணும் பாக்கல. அதைய மொதல்லயே சொல்லிப்போடறேன்.

இந்தத் துண்டைக் குடுத்தவன் பக்கத்து வூட்டுப் பையன். நடுவுல மரவேலிதான், என்ற இடுப்பு ஒசரம். அந்த வூட்டுல ஒரு அம்மா, ரெண்டு பசங்க. எல் சல்வடோர்னு ஒரு நாடாம், அங்கிருந்து வந்தவிய. பசங்க இங்கயே பொறந்தது. அந்தம்மா பேரு ஒராலியா, ஆசுபத்திரியில துணி தொவைக்கற வேலை. பெரியவன் எப்ராயின். அது என்ற வாயில நுழையல, நான் ராயன்னு வெச்சுட்டேன். ராயான்னு கூப்பிட்டா திரும்பிப் பாப்பான். சின்னவன் ரெனே. இப்பத்தான் பள்ளிக்கூடம் முடிச்சிருந்தான்.

ராயன் காலையில டயர் கடைக்குப் போவான். மத்தியானம் வந்து கார் நிறுத்தற கொட்டகையத் தொறந்து போட்டுட்டு உக்காந்தான்னா, பலகையச் செதுக்கிக்கிட்டே இருப்பான். செதுக்கி, கறுப்பு மையத் தடவி, காயிதத்துலயோ துணியிலயோ அச்செடுப்பான். மொத நாள் எட்டிப் பாத்தேன் பாரு, பகீர்னு ஆயிருச்சு. சொவரு பூராம் எலும்புக்கூடு. கையில வெலங்கு போட்ட பொம்பளை. ரோட்டுல குப்புறக் கெடக்கற பையன். செத்துப்போன புள்ளைக போட்டோவ நெஞ்சோட அணைச்சுட்டு நிக்கற தாய்மாருக. நான் ஓடிப்போயி, "ஏன்டி, பக்கத்து வூட்டுல செய்வினை கிய்வினை வெக்கறாங்களா?"ன்னு தாரணிகிட்டக் கேட்டேன்.

அவ தலையில அடிச்சுக்கிட்டா. "அம்மா, அவன் ஆர்ட்டிஸ்ட். அவங்க ஆளுகள எங்கெங்க சுட்டாங்களோ, அதையெல்லாம் செதுக்கறான். டிவியில சொன்னா ரெண்டு நாள்ல மறந்துருவாங்க, பலகையில செதுக்குனா மறக்க மாட்டாங்கம்பான்"னா.

எனக்கு அது புடிக்கல. செத்தவியளப் போட்டு ஏன் நோண்டோணும்? லட்சணமா ஒரு பூவு, ஒரு மயிலு செதுக்கக் கூடாதா? அதையே வேலியோரம் நின்னு அவன்கிட்டச் சாடையில சொன்னேன். மயிலாட்ட ஆடிக்கூடக் காட்டுனேன். விழுந்து விழுந்து சிரிச்சான். அப்பறம் மயிலையே செதுக்கி ஒரு காயிதத்துல அச்செடுத்துக் குடுத்தான். அந்த மயிலுக்குக்கூடக் கண்ணு பயந்த மாதிரிதான் இருந்துச்சு. அவன் கை அப்படி.

பாசை ஒண்ணும் தெரியாதுன்னாலும் நல்லாத்தான் இருந்தோம். நான் தோசை குடுப்பேன், அந்தம்மா சோளமாவுல தடிசா ஒரு ரொட்டி சுட்டுக் குடுப்பா. பொழுதோட நான் நடக்கப் போவேன். சீலை கட்டிக்கிட்டு, கையில குடையோட. அந்தத் தெருவுல குடை புடிச்சுட்டு நடக்கற ஆளு நான் ஒருத்திதான். ஒரு நாள் ராயன் என்னையக் குடையோட நிக்க வெச்சு படம்கூட வரைஞ்சான். பெருமையா இருந்துச்சு, பொய் சொல்லல.

குடைன்னா அது குடை கண்ணு. நீட்டுக் கறுப்புக் குடை, வளைஞ்ச புடி. பட்டன அமுக்குனா படார்னு விரியும். சுருட்டிப் பட்டி போட்டா தடியாட்ட இருக்கும், நாயி வந்தா விரட்டலாம். என்ற வூட்டுக்காரர் வாங்குனது. இன்னைக்கு அது என்ற கையில இல்ல. அந்தம்மா வாங்குனா, திருப்பியே குடுக்கல. அதைய அப்பறம் சொல்றேன்.

தெருமுனையில ஒரு பெட்ரோல் பங்க், உள்ளயே கடை. பேரனுக்குப் பாலு தீந்துபோச்சுன்னு போனேன். பெரிய கேனு அது, தூக்குனா தோளே எறங்கிரும். வெளிய வாரேன், இந்தச் சின்னவன் ரெனே எதுத்தாப்ல வந்தான். பாத்த உடனே பால் கேனைக் கையில இருந்து வாங்கிட்டான். அப்படித்தான் அந்தப் பையன். அந்த நேரம் பாத்து என்ற செருப்பு வாரு புடுங்கிக்கிச்சு. வெளிய பெருசா ஒரு ஐஸ்பெட்டி வெச்சிருப்பாங்கல்ல, அதுக்குப் பின்னால ஒதுங்கி, சித்த இதையும் புடி கண்ணுன்னு குடைய அவன் கையில குடுத்துட்டுக் குனிஞ்சேன். ஒரு கையில பாலு, ஒரு கையில குடை. சிரிச்சுட்டு நின்னான்.

அப்ப ஆரோ இங்கிலீசுல கத்தறான். அந்தப் பங்குல காவலுக்கு நிக்கற ஆளு. நீலச் சட்டை. இடுப்புல துப்பாக்கி. பையன் என்னமோன்னு திரும்பினான். கையில குடை இருந்தா குடையோடதானே திரும்புவான்? வேற எப்படித் திரும்பறது, நீயே சொல்லு.

ஒரே ஒரு சத்தம். நான் டயர் வெடிச்சுதுன்னு நெனச்சேன். பாலுதான் மொதல்ல தெரிஞ்சுது. தரையில ஓடி வந்து என்ற கால நனைச்சுது. எட்டிப் பாத்தா பையன் கெடக்கறான். ராயன் சொவத்துல இருந்த மாதிரியேதான் கெடந்தான், குப்புற. அந்த ஆளு துப்பாக்கியக் கையில வெச்சுட்டே போன் பண்ணக் கடைக்குள்ள ஓடுனான்.

நான் குடைய எடுத்துட்டு வந்துட்டேன்.

அப்படிப் பாக்காதே கண்ணு. என்ற குடை அது. அங்க போட்டுட்டு வந்தா இது ஆரு குடைன்னு தேடிட்டு வர மாட்டாங்களா? அந்த நேரத்துல அது ஒண்ணுதான் தோணுச்சு. செருப்பைக்கூட உட்டுட்டேன், குடைய எடுத்துட்டேன். பையன் மூச்சு உடறானான்னு பாத்தியான்னு நீ கேக்கற. உன்ற மூஞ்சியே கேக்குது. என்ற கை காலு என்ற பேச்சைக் கேட்டாத்தானே! பின்சந்துல வெறுங்காலோட வூட்டுக்கு வந்து, குடைய ஈரத்துணியில தொடைச்சு, விரிக்காம அப்படியே அலமாரியில சீலைகளுக்குப் பின்னால சொருகிட்டேன். அப்பறந்தான் சத்தம் போட்டுட்டு வண்டிக வந்துச்சு.

அந்தக் காவக்காரன் என்ன சொன்னான் தெரியுமா? பையன் கொள்ளையடிக்க வந்தான், கறுப்பா நீளமா ஒரு துப்பாக்கி கையில வெச்சிருந்தான், என்னைப் பாத்து நீட்டுனான், அதான் சுட்டேன்னான். சரி, அந்தத் துப்பாக்கி எங்கேன்னு கேட்டாங்க. நான் போன் பண்ணப் போன நேரத்துல கூட்டாளிக ஆரோ எடுத்துட்டு ஓடிட்டாங்கன்னான். டிவியில பூரா அதேதான். அந்தப் பக்கத்துக் கேமரா ரிப்பேராம். கடையில இருந்த பையன் அடுத்த நாளே வேலைய உட்டுப் போயிட்டானாம். கூட்டாளின்னா அது நான்தானே?

போலீசு வூடு வூடா வந்து விசாரிச்சாங்க. தாரணி என்கிட்டத் தமிழ்ல கேட்டா. "அம்மா, நீ அன்னைக்கு அந்தப் பக்கம் போனியா?"

"போகல."

"பால் வாங்கப் போறேன்னியே?"

"பாதி வழியில கால் வலிச்சுது, திரும்பிட்டேன்."

போகலன்னுட்டு பாதி வழிங்கறேன் பாரு, அவளுக்கு வெளங்கியிருக்கும். ஆனா ஒண்ணும் கேக்கல. போலீசுகிட்ட என்னமோ சொல்லி அனுப்பிட்டா. அவளுக்கும் பயந்தான். அவளும் மாப்பிள்ளையும் இங்கயே தங்கறதுக்கு இன்னும் அந்தப் பச்சை அட்டை வரல வரலன்னு காத்துட்டு இருக்கறவிய. இந்த ஊருல வாய் தொறந்து மாட்டிக்காதீங்கன்னு எல்லாரும் சொல்றாங்க. நான் பயந்ததுல என்ன தப்பு?

அந்தம்மா ஒராலியா பொழுதுக்கும் தலை குனிஞ்சேதான் போவா, வருவா. தெருவுல ரெண்டு வூட்டுக்காரவிய அவகிட்டப் பேசறதையே நிறுத்திட்டாங்க. துப்பாக்கி வெச்சிருந்தவனோட அம்மான்னு பேராயிருச்சில்ல. பெத்த புள்ளையும் போச்சு, பேரும் போச்சு. நான் சன்னல் தெரைக்குப் பின்னால நின்னு பாத்துட்டே இருப்பேன். அந்தக் காவக்காரன் கொஞ்ச நாள்ல மறுபடி அதே பங்குல அதே நீலச் சட்டையில வந்து நின்னுட்டான். வேலை முடிஞ்சா எங்க தெரு வழியாத்தான் வண்டியில போவான். அந்த வண்டிச் சத்தம் எனக்கு மனப்பாடம். சத்தம் கேட்டா பேரனைத் தூக்கிட்டு சமையக்கட்டுக்குள்ள போயிருவேன்.

காரியமெல்லாம் முடிஞ்சதும் ராயன் கதவாட்டம் பெரிய பலகை ஒண்ணு கொண்டு வந்து கொட்டகையில கெடத்துனான். டயர் கடையில இருந்து வந்ததும் அது மேல ஏறிக் குத்த வெச்சு உக்காந்து செதுக்குவான். நான் வேலிப் பக்கமே போறதில்ல. ஒரு நாள் அவனே கூப்பிட்டுக் காட்டுனான். போகாட்டி சந்தேகம் வருமேன்னு போனேன். நடுவுல ரெனே நிக்கறான், ரெண்டு கையையும் விரிச்சு, கையில ஒண்ணுமே இல்லன்னு காட்டிக்கிட்டு. அவனைச் சுத்தித் தெரு சனம் பூராம். தபால் போடற பொம்பளை, முக்கு வூட்டுக் கிழவர், அவரு நாயி. அவனுக்கு ஒட்டுன மாதிரி இடது பக்கம் ஒருத்தி. சீலை. ரெண்டு மூக்குலயும் மூக்குத்தி. கையில சுருட்டுன குடை.

இவனுக்குத் தெரிஞ்சு போச்சு! எப்படித் தெரிஞ்சுது? அவன் என்னையக் காட்டி, படத்தைக் காட்டி, சிரிக்கறான். கண்ணுல தண்ணி நிக்குது, வாயி சிரிக்குது. தெருவுல எல்லாரையும் போட்டிருந்தான், என்னையும் போட்டான், அவ்வளவுதான். இப்ப யோசிச்சாத் தெரியுது. அப்ப எனக்கு அந்தக் குடைதான் தெரிஞ்சுது.

மாப்பிள்ளை ராத்திரிச் சோத்துல உக்காந்து சொல்றாரு: "அத்தை, ஞாயித்துக்கிழமை சர்ச்சு வீதியில பெரிய விழா. ரோடு ரோலரை வெச்சு அச்செடுக்கறாங்க. எப்ராயினோட அச்சுத் துணியப் பங்குக்கு எதுத்த சொவத்துலதான் மாட்டப் போறாங்களாம்."

எதுத்த சொவத்துல! அந்த ஆளு நாள் பூராம் நிக்கற எடத்துக்கு எதுத்தாப்ல, நான் குடையோட. அவன் பாப்பானா இல்லையா? குடையப் பாத்தா அவனுக்கு நெனப்பு வருமா இல்லையா? அவன் தெனமும் எங்க தெரு வழியாப் போறவன். வூட்டுல கைக்குழந்தை இருக்குது.

அடுத்த நாள் ராயன் டயர் கடைக்குப் போயிட்டான், அந்தம்மா ஆசுபத்திரிக்குப் போயிட்டா. நான் வேலி தாண்டிப் போனேன். இந்த வயசுல சீலையத் தூக்கிச் சொருகிட்டு வேலி தாண்டுனேன் கண்ணு! கொட்டகையில அவன் உளியெல்லாம் வரிசையா இருந்துச்சு. சின்னதா ஒண்ண எடுத்து மொதல்ல மூஞ்சியச் சொரண்டுனேன். மூக்குத்தியச் சொரண்டுனேன். மூஞ்சி போனாலும் சீலை காட்டிக் குடுக்குமே, அதையும் வெட்டுனேன். குடைய வெட்டுனேன். பக்கத்துல நிக்கற பையன் மேல படாம, ஓரம் புடிச்சு, நிதானமா. கட்டை வெரலைக்கூட வெட்டிக்கிட்டேன், இந்தா பாரு தழும்பு. கடைசியில என்ற உருவம் இருந்த எடம் பூராம் பள்ளம். அப்பாடா, ஒழிஞ்சேன்னு வந்து காலு கையக் கழுவிட்டுப் படுத்துட்டேன்.

சாயங்காலம் அவன் வந்து பலகை முன்னால ரொம்ப நேரம் நின்னான். நான் தெரைக்குப் பின்னால இருந்து பாத்துட்டிருந்தேன். மறுநாள் வேலியோரம் வந்தான். என்ற கட்டை வெரலுல சுத்தியிருந்த துணியப் பாத்தான். என்ற மூஞ்சியப் பாத்தான். கத்துவான்னு நெனச்சேன். தலைய ஆட்டிட்டுப் போயிட்டான். அது எனக்கு இன்னும் பயமாப் போச்சு.

ஞாயித்துக்கிழமை நான் வரலன்னுதான் சொன்னேன். மாப்பிள்ளை உடல. நல்ல மனுசன், அதுதான் தொந்தரவே. வண்டியில ஏறுனதுக்கப்பறம் பின்னால இருந்து எடுத்து நீட்டறாரு: "அத்தை, வெய்யில் கொளுத்துது, உங்க குடைய அலமாரியில இருந்து எடுத்துட்டு வந்தேன்." என்ன சொல்றது? வாங்கி மடியில வெச்சுக்கிட்டேன். பாம்பைப் புடிச்ச மாதிரி வெச்சிருந்தேன்.

வீதி பூராம் சனம். பாட்டு, கூத்து, பொரிச்ச திங்கறது. ரோட்டுல பலகைகளக் கெடத்தி வெச்சிருக்கறாங்க. ராயன் பலகை மேல பெரிய உருளையில கறுப்பு மையத் தடவுனான். மேல துணியப் போட்டாங்க. காடாத்துணி, நம்மூருத் துணி மாதிரியே, என்ற கண்ணுக்குத் தெரியாதா? அதுக்கு மேல ஒரு கம்பளி. அப்பறம் ரோடு ரோலர் நம்மூர்ல தார் ரோடு போடற மாதிரி கடகடன்னு அது மேல ஏறி எறங்குச்சு. சனம் கையத் தட்டுச்சு. துணியோட நாலு மூலைய நாலு பேரு புடிச்சாங்க. ஒரு மூலை அந்தம்மா ஒராலியா. மெதுவா உரிச்சுத் தூக்கி நிறுத்துனாங்க.

நான் பாத்தேன். பாத்துட்டு அப்படியே நின்னுட்டேன்.

தெரு சனம் அத்தனை பேரும் கறுப்பு. ரெனே கறுப்பு. தபால்காரி, கிழவரு, நாயி, பின்னால இருக்கற தெரு, எல்லாம் கறுப்பு மையில. அத்தனை கறுப்புக்கும் நடுவுல ஒருத்தி மட்டும் வெள்ளை வெளேர்னு நிக்கறா. தலையில இருந்து காலு வரைக்கும். குடையும் வெள்ளை. மேடு இருந்தாத்தான் மை ஒட்டுமாம், பள்ளத்துல மை ஏறாதாம், வெட்டின இடம் வெள்ளையாத்தான் வருமாம். எனக்கு எப்படிக் கண்ணு தெரியும்? நான் அழிச்சேன்னு நெனச்சேன். ஓரம் புடிச்சு அத்தனை சுத்தமா வேற வெட்டித் தொலைச்சேன். வீதியில இருந்த சனம் பூராம் அந்த வெள்ளையத்தான் பாக்குது. சீலைன்னு தெரியுது. குடைன்னு தெரியுது. ஒருத்தன் திரும்பி என்னையப் பாத்தான். அப்பறம் ஒரு பொம்பளை. அப்பறம் அத்தனை பேரும்.

மூஞ்சிய மறைக்கோணும். அது ஒண்ணுதான் மண்டையில ஓடுச்சு. கையில குடை இருக்குது, பட்டன அமுக்கிட்டேன்.

படார்னு சத்தம். பக்கத்துல இருந்தவிய அரண்டு போயி கீழ குனிஞ்சாங்க. நான் குடைய மூஞ்சிக்கு நேரா எறக்கிப் புடிச்சுட்டு உள்ள ஒண்டிட்டு நிக்கறேன். ஆரோ நடந்து வந்தாங்க. குடை ஓரத்த மெதுவாத் தூக்கி, உள்ள வந்து, என்ற பக்கத்துல நின்னாங்க. ஒராலியா. கையெல்லாம் மை. எதுக்கு வந்தான்னு எனக்குத் தெரியாது. வெள்ளையா நிக்கறது நாந்தான்னு கண்டுக்கிட்டு, தொணைக்கு நிக்க வந்தாளோ என்னமோ. அவ மூஞ்சியப் பாத்தேன். மூஞ்சியில வெளிச்சப் பொட்டு. நெத்தியில ஒண்ணு, கன்னத்துல ஒண்ணு, கழுத்துல ஒண்ணு. என்ற கையிலயும் ரெண்டு.

ரெண்டு பேரும் ஒரே நேரத்துல மேல பாத்தோம். குடையச் சுத்தி வட்டமா ஓட்டை. சுருட்டி வெச்ச துணியில ஒரு குண்டு நொழைஞ்சா, விரிச்சா அத்தனை ஓட்டை இருக்கும்தானே. சுருட்டுன மடிப்புல அது தெரியல, அன்னையில இருந்து நான் அதைய விரிக்கவே இல்லையே.

அந்தம்மா ஒரு வெரலை ஓட்டைக்குள்ள உட்டுப் பாத்தா. அப்பறம் இன்னொரு ஓட்டை. கறுப்பா, நீளமா இருந்தது எதுன்னு அவளுக்கு வெளங்கிருச்சு. கூட்டாளி ஆருன்னும் வெளங்கிருச்சு. என்ற கையப் புடிச்சா. அடிக்கப் போறான்னு நெனச்சுக் கண்ண மூடிக்கிட்டேன். அவ என்ற வெரல ஒவ்வொண்ணாப் பிரிச்சுக் குடைய வாங்கிக்கிட்டா. அவ்வளவுதான். தாரணி வந்து என்னைய இழுத்து வண்டியில போட்டா.

அன்னைக்குச் சாயங்காலமே ஒரு வக்கீலம்மாவோட ராயன் வந்தான். தாரணி வாசல்லயே நிறுத்தி, அம்மாவுக்கு ஒடம்பு சரியில்லன்னுட்டா. வக்கீலம்மா சொன்னதை மாப்பிள்ளைதான் எனக்கு எடுத்துச் சொன்னாரு. வெறும் குடைய வெச்சு ஒண்ணும் ஆகாதாம். நீங்களே ஓட்டை போட்டிருப்பீங்கம்பாங்களாம். இது என்ற குடை, இது அந்தப் பையன் கையில இருந்துச்சு, துப்பாக்கி இல்லன்னு ஒரு ஆளு வாயத் தொறந்து சொல்லோணுமாம். ஊருல இருந்துகிட்டே வீடியோவுல சொன்னாலும் போதுமாம். தாரணி அவருகிட்டச் சண்டைக்குப் போயிட்டா: "நாளைக்கு நம்மளை நாட்டை உட்டு அனுப்பினா அந்த லாயர் வந்து சோறு போடுவாளா?" அவரு, "அத்தையே முடிவு பண்ணட்டும்"னாரு. நான் போர்வைக்குள்ள இருந்தேன்.

அந்த வெள்ளை உருவத்தோட துணி பங்குக்கு எதுத்தாப்ல ஏறிருச்சு. அதுக்கப்பறம் அந்த வண்டி எங்க வூட்டு முன்னால வந்தா வேகம் கொறையுது. நிக்கறதில்ல. கொறையுது, அப்பறம் போயிருது. என்ற மனப்பிராந்தின்னு தாரணி சொன்னா. சொல்லிப்போட்டு உடனே டிக்கெட்ட மாத்திட்டா.

இன்னைக்குக் காலையில பொட்டியெல்லாம் வண்டியில ஏத்தறப்ப ராயன் வேலிகிட்ட நின்னான். இந்தத் துண்டைக் கையில வெச்சிருந்தான். மாப்பிள்ளைகிட்ட என்னமோ சொன்னான். அவரு சொல்றாரு: "அத்தை, வெட்டுனத ஒட்ட முடியாதாம். ஆனா பலகையில உங்க மூஞ்சி இருந்த பள்ளத்துல இந்தத் துண்டு சரியாப் பொருந்துமாம். இதுல உங்க மூஞ்சியச் செதுக்கட்டுமான்னு கேக்கறான். நீங்க சரின்னாத்தான். வேண்டாம்னா அந்த வெள்ளை அப்படியே இருக்கட்டும், அது ஆருன்னு நான் வாயத் தொறக்க மாட்டேங்கறான்."

மூஞ்சி குடுத்தா அப்பறம் வாயும் குடுக்கோணும். அது எனக்குத் தெரியாதா? நான் பொட்டிப் பக்கம் திரும்பிட்டேன். அவன் துண்டை என்ற கையில வெச்சு மூடிட்டு, என்ற கட்டை வெரல் தழும்பைத் தடவிப் பாத்தான். தம்பியச் சாகக் குடுத்தவன்தான், கண்ணு. கை சூடா இருந்துச்சு. பின்னால அந்தம்மா சன்னல் தெரைய வெலக்கிட்டு நின்னா. நான் தெனமும் நின்ன மாதிரியே.

என்ன அறிவிச்சாங்க? நம்ம பிளேனா? ஏறச் சொல்லிட்டாங்களா? இரு, இரு. இன்னும் வரிசை நகரல. சித்த உக்காரு.

அவன் சிரிச்சுட்டு நின்னான் கண்ணு. ரெனே. பாலையும் குடையையும் புடிச்சுட்டு. என்ற செருப்பைப் பாத்துச் சிரிச்சான். திரும்புறப்பவும் அந்தச் சிரிப்பு போகல. ஐஸ்பெட்டிக்கு மேல நான் பாத்துட்டுத்தான் இருந்தேன். பாத்தேன். எல்லாத்தையும் பாத்தேன். துப்பாக்கியாம், துப்பாக்கி! நாசமாப் போறவன்.

உன்ற போனுல போட்டோ நல்லா விழுகுமா? இந்தா என்ற போனு, இதுல மாப்பிள்ளை ராயன் நம்பரைப் போட்டு வெச்சிருக்கறாரு, பாத்து அனுப்பு. துண்டு என்கிட்ட இருந்தா என்ன, அவன் வேற துண்டு வெட்டிக்குவான். அவனுக்கு மூஞ்சிதான் வேணும். இப்படி வெளிச்சத்துல உக்காரட்டுமா? முந்தானைய எடுத்துடறேன். ரெண்டு மூக்குத்தியும் தெரியோணும். இந்தத் தழும்பு படத்துல தெரியாதுல்ல? தெரிஞ்சாத் தெரியட்டும்.

கண்ணு, ஒண்ணு சொல்றேன் கேளு. இப்ப நீ போனத் தூக்குனதும் நான் வேண்டாம் வேண்டாம்னு சொல்லுவேன். எனக்கே தெரியும். அதையக் காதுல வாங்காதே. புடி.